குதிரை ஏறக் கற்கலாம். வாங்க அவசரம் வேண்டாம்

ஓய்வு பெற்ற பிறகு குதிரை ஏறக் கற்றுக்கொண்டவன் என்று ஊரில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதனால் மாதத்துக்கு ஒருவராவது போன் செய்து விடுகிறார். "சார், தோட்டத்துல இடம் சும்மாதான் கிடக்குது. ஒரு குதிரை வாங்கி விட்டுக்கலாம்னு இருக்கேன். நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்" என்பார். வெளிநாட்டில் இருந்து திரும்பியவர், வி.ஆர்.எஸ். வாங்கியவர், ஒட்டன்சத்திரத்தில் கமிஷன் கடையை மகனிடம் ஒப்படைத்தவர் என்று எல்லா வகையும் உண்டு. எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். ஏறக் கற்றுக்கொள்ளுங்கள், வயது ஒரு தடையே இல்லை. வாங்குவதை மட்டும் இரண்டு வருஷம் தள்ளிப் போடுங்கள். தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. ஆகவே இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

நம் வயதுக்காரர்களுக்குக் குதிரை அந்நியமான பிராணி இல்லை. ஸ்டேஷனில் இறங்கினால் ஜட்கா வண்டி நிற்கும். உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே சாக்கு விரித்திருப்பார்கள். ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "முன்னாடி தள்ளி உட்காருங்க, பின்பாரம் அடிக்குது" என்பார். பழனிக்குப் போனால் பஸ் ஸ்டாண்டில் இருந்து அடிவாரம் வரை குதிரை வண்டிதான். சவுக்கை ஓடுகிற சக்கரத்தின் ஆரக்கால்களில் கொடுத்து 'டக டக டக' என்று சத்தம் எழுப்புவதைக் கேட்க ஆசைப்பட்டே வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார நாம் சண்டை போட்டிருக்கிறோம். ஆட்டோ வந்தது, ஜட்கா போனது. வண்டி போனதற்கு நான் வருத்தப்படவில்லை. மே மாத வெயிலில் ஆறு பேரை இழுத்த அந்தக் குதிரைகளின் விலா எலும்பை எண்ணியவர்கள் நாம். வண்டியோடு சேர்ந்து குதிரையைத் தெரிந்த மனிதர்களும் போய்விட்டார்களே, அதுதான் நஷ்டம்.

இந்த ஊருக்கும் குதிரைக்கும் உள்ள உறவு ஜட்காவுக்கும் முந்தியது. 1755இல் ஹைதர் அலி மைசூரின் படைத் தலைவராக இங்கே வந்து அமர்ந்தார். அவருடைய பலமே குதிரைப் படைதான். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திண்டுக்கல் கும்பினியார் கைக்குப் போகும் வரை, கோட்டையைச் சுற்றிய இந்தச் சமவெளியில் குதிரைக் குளம்பு படாத வருஷம் இருந்திருக்காது.

இன்னும் பின்னால் போனால், பட்டினப்பாலையிலேயே கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கும் செய்தி இருக்கிறது. பாண்டியர் காலத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாகக் காயலில் இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ ஒரு விஷயத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார். பாண்டிய அரசர்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள். வருஷம் முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப் போகின்றன. குதிரைக்கு வைத்தியம் பார்க்க, பராமரிக்கத் தெரிந்த ஆட்கள் இங்கே இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அப்படிப்பட்ட ஆட்கள் இங்கே வந்துவிடாதபடி வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். குதிரை சாகச் சாக அவர்களுக்கு வியாபாரம். அதில் எவ்வளவு மிகை என்பது ஒருபுறம் இருக்கட்டும். பணம் கொடுத்துக் குதிரையை வாங்கினோம், அதைக் காப்பாற்றும் அறிவை வாங்கவில்லை என்ற சாரம் இன்றைக்கும் பொருந்துகிறது. குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தில் மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டினார் என்ற கதையைக் கேட்கும்போதெல்லாம், அந்தக் குதிரைகளின் கோணத்தில் அது நல்ல காரியம்தான் என்று எனக்குத் தோன்றும்.

சரி, கற்றுக்கொள்ளும் விஷயத்துக்கு வருகிறேன். நான் ஐம்பத்தொன்பது வயதில் ஆரம்பித்தேன். சிறுமலை அடிவாரத்தில் தெரிந்தவர் ஒருவருடைய தோட்டத்தில் நான்கு குதிரைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்பவர் ஜட்கா ஓட்டிய குடும்பத்தைச் சேர்ந்தவர். நாங்கள் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட நான்கு வயது மூத்தவர். அவர் முதல் மூன்று வாரம் என்னைக் குதிரை மேல் ஏற்றவே இல்லை. லத்தி அள்ள வைத்தார். தேய்க்க வைத்தார். குளம்பைத் தூக்கி உள்ளே ஒட்டியிருக்கும் மண்ணையும் கல்லையும் சுரண்ட வைத்தார். "குதிரை உங்களைப் பார்த்துப் பழகட்டும் சார். நீங்க அதைப் பார்க்க வந்திருக்கீங்கன்னு நினைக்கிறீங்க. அதுதான் உங்களைப் பார்க்குது" என்றார்.

அதற்கு அர்த்தம் போகப் போகத்தான் புரிந்தது. குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. அதனால் சுற்றிலும் ஏறத்தாழ முழு வட்டத்தையும் அதனால் பார்க்க முடியும். மூக்குக்கு நேர் முன்னால் கொஞ்சமும், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சமும்தான் அதற்குத் தெரியாது. நாம் ஆசையாக முகத்துக்கு நேரே கையை நீட்டுவோம். சத்தம் போடாமல் பின்பக்கம் போய் நிற்போம். இரண்டும் அதைப் பயமுறுத்துகிற காரியம். இடது தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். அது வேட்டையாடும் மிருகம் இல்லை, வேட்டையாடப்பட்ட மிருகம். பயம் வந்தால் அதற்குத் தெரிந்த ஒரே வழி ஓட்டம். ஓட வழியில்லாதபோதுதான் உதைக்கும்.

மேலே ஏறிய பிறகு கற்க வேண்டியது பெரும்பாலும் உட்காரும் விதம்தான். பயத்தில் முழங்காலால் இறுக்கிப் பிடிப்போம். பிடித்தால் உடம்பு மேலே எழும்பும், எழும்பினால் விழுவோம். முழங்காலைத் தளர்த்தி, குதிகாலைக் கீழே இறக்கி, அங்கவடியில் பாதத்தின் முன்பகுதியை மட்டும் வைத்து, இடுப்பை அதன் நடைக்கு விட்டுவிட வேண்டும். கடிவாளம் நாம் பிடித்துத் தொங்குவதற்கான கயிறு இல்லை. அதன் மறுமுனை ஒரு உயிரின் வாய்க்குள் இருக்கிறது. "முன்பாரம், பின்பாரம்" என்று ஜட்காக்காரர் நம்மை நகர்த்தி உட்கார வைத்தாரே, அதே பாடம்தான் இங்கேயும். பாரம் நடுவில் இருந்தால் குதிரைக்கும் வலியில்லை, நமக்கும் விழுகிற பயமில்லை.

சின்னப் பிள்ளைகள் ஒரு மாதத்தில் கற்பதை நாம் ஆறு மாதத்தில் கற்போம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. பிள்ளைகளுக்குப் பயம் கிடையாது, நமக்கு உண்டு. அந்தப் பயம் நல்லது. அது நம்மை மெதுவாகப் போக வைக்கும். குதிரை நடையில் போனால் மணிக்கு ஆறு கிலோமீட்டர் சுமாருக்கு வரும். அந்த வேகத்திலேயே ஒரு முழு வருஷம் திருப்தியாகப் போகலாம். நாலுகால் பாய்ச்சலில் போய் யாருக்கு எதை நிரூபிக்கப் போகிறோம்?

ஆனால் உடம்பு விஷயத்தில் ஏமாற்று வேலை கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், தலைச்சுற்றல் வருபவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. விழுவது என்பது நடக்கும். அதனால் ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது. டி.டி. ஊசி போட்டிருக்க வேண்டும். குதிரை லத்தியிலும் லாயத்து மண்ணிலும் தனுர்வாதக் கிருமி சர்வ சாதாரணமாக இருக்கும். நம் எடையையும் பார்க்க வேண்டும். ஏறுபவர், சேணம் எல்லாம் சேர்த்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான கணக்கு. நம் பக்கம் கிடைக்கும் கத்தியவாரி குதிரை 350 கிலோ இருந்தால், 70 கிலோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். என்னைப் பார்த்து பாய் முதலில் சொன்னது, "வயித்தைக் குறைச்சுட்டு வாங்க சார்" என்பதுதான். எட்டு கிலோ குறைத்தேன். டாக்டர் பத்து வருஷமாகச் சொல்லியும் நடக்காதது, ஒரு குதிரைக்காக நடந்தது.

இத்தனையும் கற்றுக்கொள்ள ஒரு குதிரை சொந்தமாக வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துக் கற்கலாம். திண்டுக்கல், மதுரை, கோயம்புத்தூர்ப் பக்கங்களில் இப்போது அதற்கு வசதி இருக்கிறது. நம் ஆட்களுக்கு அதில் திருப்தி வருவதில்லை. "அடுத்தவன் குதிரையில் ஏறுறதா?" என்பார்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைச் சொல்வோம். உண்மையில் அது குதிரை வாங்கும் மனிதர்களுக்குத்தான் பொருந்தும். மேலே உட்கார்ந்து போட்டோ எடுக்க வாய் திறக்கிறது, லத்தி அள்ளச் சொன்னால் மூடிக்கொள்கிறது.

"மாடு வளர்க்கிறோம், ஆடு வளர்க்கிறோம், குதிரை மட்டும் என்ன பெரிசு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். மாட்டுக்கு ஒரு ஊரே துணை நிற்கிறது. பால் சங்கம் இருக்கிறது, கால்நடை மருந்தகம் இருக்கிறது, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு மாட்டு வைத்தியம் பாதி தெரியும். வயிறு ஊதினால் ராத்திரி பத்து மணிக்கும் யாராவது எண்ணெய் பாட்டிலோடு ஓடி வருவார்கள். குதிரைக்கு வயிற்று வலி வந்தால் யார் வருவார்? நம் கால்நடை டாக்டர்கள் திறமைசாலிகள்தான். ஆனால் அவர்கள் தினமும் பார்ப்பது மாடும் ஆடும் கோழியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டு போகலாம் என்றால், வலியில் புரளும் குதிரையை ஏற்ற வேண்டும், நூறு கிலோமீட்டர் போக வேண்டும்.

குதிரையின் வயிறு மாட்டின் வயிறு மாதிரி இல்லை. அதற்கு அசை போடத் தெரியாது, வாந்தி எடுக்கவும் முடியாது. உடம்போடு பார்த்தால் இரைப்பை சின்னது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கு ஏற்ற அமைப்பு. நாம் காலையில் ஒரு படி, சாயங்காலம் ஒரு படி கொள்ளு வைத்துவிட்டு, நடுவில் வெறும் முளைக்குச்சியில் கட்டி வைத்தால் வயிறு கெடும். விசேஷ நாளில் அன்பு மிகுந்து பொங்கல், சாதம், வெல்லம் என்று அள்ளிக் கொடுத்தாலும் கெடும். மணல் தரையில் தீவனத்தைப் போட்டால் மணலும் சேர்ந்து உள்ளே போய்க் குடலில் தங்கும். வேடசந்தூர்ப் பக்கத்து மண்ணில் இது ஒரு பெரிய தொல்லை. முன்னங்காலால் தரையைப் பறிப்பது, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்ப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாமல் இருப்பது எல்லாம் அபாய அறிகுறிகள். பாய் தினமும் காலையில் குதிரையின் விலாவில் காதை வைத்துக் கேட்பார். "வயிறு பேசணும் சார். பேசாத வயிறுதான் ஆபத்து" என்பார். அந்தக் கடமுடா சத்தத்தை இரண்டு பக்கமும் கேட்டுப் பழகிய பிறகுதான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

இனி மற்ற கணக்கு. ஒரு நாளைக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த தீவனம் வேண்டும். 350 கிலோ குதிரைக்கு ஏழு கிலோ. தண்ணீர் சாதாரண நாளில் முப்பது லிட்டர் சுமார், கோடையில் இன்னும் கூடும். போர்வெல் வற்றிய வருஷத்தில் என்ன செய்வீர்கள்? ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவ வேண்டும். லாடம் கட்டியிருந்தால் கழற்றிச் சீவி மறுபடி கட்ட வேண்டும். மாட்டுக்கு லாடம் கட்டுபவரே நம் பக்கம் குறைந்துவிட்டார். குதிரைக்குக் கட்டத் தெரிந்தவரைத் தேடிப் பாருங்கள், தெரியும். பல் கூர்மையாகிக் கன்னத்தைக் குத்தும், அதை ராவிவிட வேண்டும். குடற்புழு மருந்து, தடுப்பூசி, மழைக்காலத்தில் ஈக்கடியால் வரும் காய்ச்சல் எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரை கூட்டமாக வாழும் பிராணி. ஒற்றைக் குதிரையைத் தோட்டத்தில் கட்டுவது ஒரு மனிதனைத் தனி அறையில் பூட்டுவது மாதிரி. இன்னொரு குதிரை இல்லையென்றால் கழுதையோ ஆடோ துணைக்கு வேண்டும். குதிரையின் விலைதான் இதில் எல்லாவற்றையும்விடக் குறைந்த செலவு.

இவ்வளவும் பணத்தால் சமாளிக்கக் கூடியவை. பணத்தால் சமாளிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை இருபத்தைந்து வருஷம், அதற்கு மேலும் உயிர் வாழும். அறுபத்திரண்டு வயதில் ஒருவர் ஆறு வயதுக் குதிரையை வாங்குகிறார் என்று வையுங்கள். குதிரையின் ஆயுள் முடியும்போது அவருக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். அவர்களுக்கு அந்தத் தோட்டத்தை விற்பதே பெரிய வேலை. குதிரையை என்ன செய்வார்கள்?

இது கற்பனைக் கணக்கு இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் நமக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம், அருமையான ஒரு பெட்டைக் குதிரையை வைத்திருந்தார். சிறு வயது ஆசை, ஓய்வு பெற்றதும் நிறைவேற்றிக்கொண்டார். இரண்டு வருஷம் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. மகள் வந்து கையோடு ஊருக்கு அழைத்துப் போய்விட்டாள். தோட்டத்துக் காவல்காரர் நல்ல மனிதர். தினமும் தண்ணீர் காட்டினார், சோளத்தட்டை போட்டார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எட்டு மாதம் கழித்துச் செய்தி வந்து நானும் பாயும் போனோம். புளியமரத்தடியில் கட்டியிருந்தது. குளம்பு சீவாமல் வளர்ந்து, முன்னால் மடிந்து, பழைய காலத்து வளைந்த செருப்பு மாதிரி ஆகியிருந்தது. நிற்கவே வலித்தது அதற்கு. பாய் ஒன்றும் பேசவில்லை. உட்கார்ந்து அதன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அந்தக் குதிரை பிழைத்தது. ஒரே நாளில் சீவிவிட முடியாது. நான்கைந்து தடவையாக, வாரக்கணக்கில் இடைவெளி விட்டுச் சீவி, மறுபடியும் நேராக நடக்க ஏழு மாதம் ஆயிற்று. இப்போது நான் போகும் தோட்டத்தில்தான் நிற்கிறது. மேலே யாரும் ஏறுவதில்லை. அதன் தீவனச் செலவில் பாதி என்னுடையது, பாதி தோட்டக்காரருடையது. என்னைப் பார்த்து, "நீங்களே வாங்கி வச்சுக்கலாமே?" என்று கேட்டார்கள். மாட்டேன் என்று சொன்னேன். என் வயதில் தனியாக ஒரு குதிரைக்கு எஜமானனாக இருக்க எனக்குத் தகுதி இல்லை. பாதிப் பொறுப்பு என்றால் சம்மதம். நான் போய்விட்டாலும் இன்னொரு பாதி இருக்கும். என் பாதிக்கு என்ன ஏற்பாடு என்பதைக் காகிதத்தில் எழுதி, அதற்கென்று கொஞ்சம் டெபாசிட்டும் போட்டு, மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த மனிதரை நான் குறை சொல்லவில்லை. பக்கவாதம் யாருக்கும் வரலாம். அதனால்தான் சொல்கிறேன்: நம் வயதில் குதிரை வாங்குபவர், வாங்கும் அன்றைக்கே தனக்குப் பின்னால் அதை யார் பார்ப்பார் என்று பெயரோடு சொல்லத் தெரிய வேண்டும். அந்தப் பெயருக்கு உரியவர் சம்மதித்திருக்க வேண்டும். அப்படி ஒரு பெயர் இல்லையென்றால் வாங்கக் கூடாது. வீட்டுக்கும் நகைக்கும் உயில் எழுதுகிறோம். உயிருள்ள ஒன்றுக்கு எழுதினால் என்ன? கொடைக்கானலிலும் ஊட்டியிலும் தெருவில் குப்பை கிளறிக்கொண்டு அலையும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு காலத்தில் ஒரு எஜமான் இருந்தான்.

"எல்லோரும் இப்படிப் பயந்தால் குதிரையே இருக்காதே" என்று ஒரு நண்பர் மடக்கினார். குதிரை இல்லாமல் போகாது. நம் கண்ணெதிரே சிறுமலையைப் பாருங்கள். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போனால், வாழையும் பலாவும் எலுமிச்சையும் ரோட்டுக்கு வருவது இன்றைக்கும் பொதிக்குதிரை முதுகில்தான். வண்டி போகாத தோட்டங்களுக்கு வேறு வழி கிடையாது. அங்கே மாட்டுப் பொங்கல் அன்றைக்குக் குதிரையைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, குதிரைப் பொங்கல் வைக்கிறார்கள். தங்களுக்கு உழைப்பது மாடு இல்லை, குதிரை என்பதால் அந்த மரியாதை. அவர்கள் ரீல்ஸ் போடுவதில்லை. எது நொண்டுகிறது, எது தின்னவில்லை என்று தூரத்தில் இருந்து பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். குதிரை மேல் ஆசை உள்ளவர்கள் ஒரு நாள் அங்கே போய், பேசாமல் உட்கார்ந்து பார்த்தாலே பாதிப் பாடம் வந்துவிடும். நம் கையில் பணம் இருந்தால் அவர்களுடைய ஒரு குதிரையின் மருந்துச் செலவை ஏற்கலாம். அதுவும் குதிரை வளர்ப்புதான்.

இவ்வளவு சொல்லியும் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்குச் சில வார்த்தை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தைக்குப் போவீர்கள். கத்தியவாரி, மார்வாரி என்று கண்ணைப் பறிக்கும். இரண்டும் நம் வெயிலைத் தாங்கும் இனங்கள். காது நுனி உள்நோக்கி வளைந்து, ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருக்கும். அங்கே ஆட்கள் உங்களுக்குச் சுழி பார்த்துச் சொல்வார்கள். இந்தச் சுழி ராஜயோகம், அந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், காலைப் பாருங்கள். இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் முந்தி, குதிரை வாங்குவது பற்றி எழுதிய கிரேக்கர் செனபோன், முதலில் குளம்பைப் பார்க்கச் சொல்கிறார். அஸ்திவாரம் சரியில்லாத வீட்டுக்கு மேல்மாடி எதற்கு என்பது அவர் வாதம். நம் பாய் செனபோனைப் படித்ததில்லை. அவரும் அதையேதான் சொல்கிறார்.

மேளத்துக்கு ஆடுகிற குதிரையை வாங்காதீர்கள். அந்த ஆட்டம் பல சமயம் வாயில் பட்ட வலியால் வருவது. முள் வைத்த கடிவாளத்தைச் சட்டமே தடுத்திருக்கிறது. 1960இல் வந்த பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965இல் விதிகள் வந்தன. பொதி சுமக்கும் மட்டக்குதிரைக்கு 70 கிலோ. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை வேலையே கூடாது. நம் ஊரில் ஏப்ரல், மே கல்யாண ஊர்வலங்களில் நடுப்பகலில் தார் ரோட்டில் நிற்கும் வெள்ளைக் குதிரையைப் பார்த்தால் இந்த விதியை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் நாலு வார்த்தை சொல்லும் வயது நமக்கு வந்துவிட்டது.

பொலிக்குதிரை வேண்டாம், இளங்குட்டி வேண்டாம். பத்து வயதைத் தாண்டிய, அடங்கிய, நாலு பேர் ஏறிப் பழகிய குதிரைதான் நமக்குப் பொருத்தம். அதன் ஆயுளும் நம் ஆயுளும் ஓரளவு சேர்ந்து போகும். விற்பவர் சேணம் கட்டித் தயாராக நிறுத்தியிருந்தால், கழற்றச் சொல்லி, மறுபடி உங்கள் கண் முன்னால் கட்டச் சொல்லுங்கள். பல்லைப் பார்த்து வயது சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் பேட்டாவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்தது என்று பழமொழி சொல்கிறோம். எந்தக் குதிரையும் யாருக்கும் குழி பறித்ததாக நான் கேள்விப்படவில்லை. மாறாக, தோட்டத்தில் பாம்பு கடித்தால் பெரியாஸ்பத்திரியில் நமக்கு ஏற்றுகிற விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்தில் இருந்துதான் வருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக விஷத்தை ஏற்றுக்கொண்டு, அதற்கு மாற்றை அது தன் உடம்பில் உண்டாக்கித் தருகிறது. இந்தப் பக்கத்துக் குடியானவர் குடும்பங்களில் அந்தக் கடன் படாதது குறைவு. அய்யனாருக்கு மண் குதிரை செய்து புரவி எடுப்பு நடத்தும் ஊர்கள் நம்முடையவை. மண் குதிரைக்குத் தீனி வேண்டாம், லாடம் வேண்டாம், நமக்குப் பின்னால் யார் என்ற கவலையும் வேண்டாம். உயிர்க் குதிரைக்கு மூன்றும் வேண்டும்.

ஆசை உள்ளவர்கள் எனக்குப் போன் செய்யலாம். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சிறுமலை அடிவாரத்துக்குப் போகிறேன். ஸ்கூட்டரில் பின்சீட் காலியாகத்தான் இருக்கிறது. பழைய வேட்டியோ டிராயரோ கட்டிக்கொண்டு வாருங்கள். பாய் கையில் மண்வெட்டியைக் கொடுப்பார். மூன்று வாரம் கழித்தும் வந்துகொண்டிருந்தீர்கள் என்றால், ஏறுவது பற்றிப் பேசலாம்.